நாய் காலைக் கட்டிக்கொண்டு ஆடுவது ஏன்?

நாய் வளர்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. விருந்தாளி வந்து உட்கார்ந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியிருப்பார். நாய் நேராகப் போய் அவர் காலை முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்ட ஆரம்பிக்கும். வந்தவர் சிரித்து மழுப்புவார். வீட்டுக்காரர் "சீ, போ" என்று விரட்டுவார். பிள்ளைகள் "அது ஏன் அப்படிப் பண்ணுது?" என்று கேட்டால், "நீ உள்ளே போ" என்பதுதான் பதிலாக இருக்கும்.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆனால் இதை நாம் தப்பாகப் புரிந்துகொண்டால் அடிபடுவதும் வீட்டை விட்டுத் துரத்தப்படுவதும் நாய்தான். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் அக்கா. அவள் வீடு சீர்காழி தென்பாதியில். அங்கே மணி என்று ஒரு நாட்டு நாய், ஆண், இரண்டு வயது. யார் வந்தாலும் காலைப் பிடித்துவிடும். அக்காவின் மாமியார் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இதைக் கொண்டுபோயிக் கொள்ளிடக் கரையில விட்டுட்டு வந்துடுங்க. பொம்பளப் புள்ளைங்க இருக்குற வீட்டுல இது வேணாம்." அக்கா எனக்கு போன் பண்ணி, "ஆபரேஷன் பண்ணினா இது நின்னுடுமாடா?" என்று கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி அது.

ஊரில் கேட்டால் மூன்று விளக்கம் கிடைக்கும். ஒன்று, "அதுக்குப் பருவம் வந்துடுச்சு, ஜோடி தேடுது." இரண்டு, "அது உங்களை மதிக்கல, நான்தான் இங்க பெரியவன்னு காட்டுது." இதை யூடியூபில் நாய்ப் பயிற்சி வீடியோ பார்ப்பவர்கள் சொல்வார்கள். மூன்று, "கெட்ட பழக்கம், நாலு போடு போட்டா சரியாயிடும்." முதல் விளக்கம் பாதி சரி. இரண்டாவது பெரும்பாலும் பொருந்தாது. மூன்றாவது நிலைமையை மோசமாக்கும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் யார் செய்கின்றன?

முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. வெறும் இனப்பெருக்க வேகம்தான் காரணம் என்றால், பருவத்துக்கு வந்த ஆண் நாய் மட்டும், அதுவும் பெட்டை நாயிடம் மட்டும்தான் இப்படிச் செய்ய வேண்டும். நடப்பது அப்படி இல்லை.

ஐந்து, ஆறு வாரக் குட்டிகள் விளையாடும்போதே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடுப்பை ஆட்டும். நாய் பருவத்துக்கு வருவதோ சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகு. பெட்டை நாய்களும் ஏறும், ஆண் மேலும் ஏறும், இன்னொரு பெட்டை மேலும் ஏறும். காயடித்த ஆண் நாயும் ஏறும். கருப்பை எடுத்த பெட்டையும் ஏறும். தலையணை, சுருட்டி வைத்த பாய், பிள்ளைகளின் கரடி பொம்மை, மனிதனின் முழங்கால் என்று எதையும் விடுவதில்லை. சில நாய்கள் எதிரே ஒன்றுமே இல்லாமல் காற்றில் ஆட்டும்.

ஆக, உடல் அசைவு ஒன்றுதான். அதைக் கிளப்பிவிடும் காரணங்கள்தான் பல. மனிதன் அழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் அழுகிறோம், சந்தோஷத்தில் அழுகிறோம், வெங்காயம் நறுக்கும்போதும் கண்ணீர் வருகிறது. கண்ணீரை மட்டும் பார்த்து "இவருக்கு என்னவோ துக்கம்" என்று முடிவு கட்ட முடியுமா? முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

மாட்டைப் பார்த்தால் கூச்சம் இல்லை

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஏனென்றால் மாடு வளர்த்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பசு ஒன்று இன்னொரு பசுவின் மேல் தாவும். அதைப் பார்த்து எந்தக் குடியானவரும் முகம் சுளிப்பதில்லை. "மாடு பருவத்துக்கு வந்துடுச்சு போல" என்று சினை ஊசி போடுபவருக்குச் சொல்லி அனுப்புவார்.

அதிலும் நுணுக்கம் உண்டு. மேலே தாவுகிற மாட்டைவிட, மற்ற மாடு தாவும்போது நகராமல் நின்று கொடுக்கிற மாடுதான் உறுதியாகப் பருவத்தில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பாடமும் அதைத்தான் சொல்கிறது, அனுபவப்பட்ட விவசாயியும் அதைத்தான் சொல்வார். பெட்டை மேல் பெட்டை ஏறுவது அங்கே ஒரு செய்தி. அதைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கன்று கிடைக்கும், பால் கிடைக்கும்.

அதே ஆள் வாசலில் இரண்டு நாயைப் பார்த்தால் கல்லைத் தேடுகிறார். மாட்டிடம் காட்டுகிற அதே நிதானத்தோடு நாயையும் பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் காரணம்: உண்மையிலேயே இனச்சேர்க்கை

இதை ஒதுக்க முடியாது. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் அந்தக் காலம் மொத்தம் இரண்டு, மூன்று வாரம் நீடிக்கும். முதல் பாதியில் ரத்தக்கசிவு இருக்கும். ஆண் நாய்கள் மோப்பம் பிடித்து வந்து சுற்றும், பெட்டை கிட்டே விடாது. சுமார் ஒன்பது நாளுக்குப் பிறகுதான் அதுவே வாலை ஒதுக்கி நிற்கும். நாய்க்கு வாசனைதான் எல்லாம் என்பதால், அடுத்த தெருவில் இருக்கும் பெட்டையின் வாசனை காற்றில் வந்தாலே கட்டிப்போட்ட ஆண் நாய் சோறு தின்னாமல் ஊளையிடும். வீட்டில் கிடைத்ததன் மேல் ஏறும்.

வீட்டில் வளரும் நாய்கள் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். தெரு நாய்களின் கணக்கு கொஞ்சம் வேறு. மேற்கு வங்கத்தில் காட்வா என்ற ஊரில் சுனில் குமார் பால் என்ற ஆய்வாளர் தெரு நாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார். அங்கே இனச்சேர்க்கை மழைக்காலத்தின் பிற்பகுதியில் குவிகிறது, குட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் பிறக்கின்றன. வங்காளத்து மழைக்காலம் நம்முடையதற்கு முந்தியது. ஆனாலும் குளிர் மாதங்களில் தெருவெல்லாம் குட்டிகளைப் பார்ப்பது நமக்கும் பழக்கம்தான். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஐப்பசியில் சேர்ந்தால் மார்கழியில் குட்டி. "மார்கழி மாச நாய் மாதிரி அலையுறான்" என்று நம் ஆட்கள் திட்டுவதும் இந்தப் பருவக் கணக்கை ஒட்டித்தான்.

இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. சேர்ந்த பிறகு இரண்டு நாயும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையைப் பார்த்து நிற்கும். ஆணுறுப்பின் அடிப்பகுதியில் உள்ள ஒரு பகுதி வீங்கிக்கொள்வதாலும், பெட்டையின் தசைகள் இறுக்கிப் பிடிப்பதாலும் அப்படி நடக்கிறது. பத்து, இருபது நிமிடம், சில சமயம் அரை மணி நேரம்கூட ஆகும். தானாக விடுபட்டுவிடும். அந்த நேரத்தில் கல்லால் அடித்து, வெந்நீர் ஊற்றி, கழியால் பிரிக்கப் பார்த்தால் இரண்டு நாய்க்கும் உள்ளே சதை கிழியலாம், ரத்தம் கொட்டலாம். வலியில் துடிக்கும் நாய் பக்கத்தில் நிற்பவரைக் கடிக்கவும் செய்யும். பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள்தான் இந்தக் கல்லெறியில் இறங்குவார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சீர்காழியில் இதைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதலாக உறுத்தும். சட்டைநாதர் கோயிலில் அஷ்ட பைரவர் சன்னதிக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் கூட்டமாகப் போகிற ஊர் இது. பைரவருக்கு வாகனம் நாய். சன்னதியில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கல்லெடுப்பதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

இரண்டாவது காரணம்: விளையாட்டு

குட்டிகள் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆராய்ச்சி செய்த மார்க் பெகாஃப், 1970களிலிருந்து நாய், ஓநாய், கயோட்டி ஆகியவற்றின் குட்டிகள் விளையாடுவதைப் படம்பிடித்து அலசியவர். அவர் காட்டிய முக்கியமான விஷயம், விளையாட்டு என்பது மற்ற வேலைகளின் துண்டுகளைக் கலந்து செய்த கதம்பம் என்பது. வேட்டையிலிருந்து துரத்தல், சண்டையிலிருந்து கடி, இனச்சேர்க்கையிலிருந்து ஏறுதல். எல்லாம் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வரும். முன்னங்காலை மடக்கி மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு "வணக்கம்" போடும், பார்த்திருப்பீர்கள். "இனிமே நான் செய்யுறது எல்லாம் விளையாட்டு, தப்பா எடுத்துக்காதே" என்பதற்கான அறிவிப்பு அது. பலமாகக் கடிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் நாய்கள் இதை அதிகமாகச் செய்கின்றன என்று 1995இல் அவர் எழுதிய கட்டுரை சொல்கிறது.

ஆக, இரண்டு நாய் துரத்திப் பிடித்து விளையாடும்போது நடுவில் ஒன்று ஏறினால், மற்றது திரும்பி ஒரு குரைப்புக் குரைக்கும், அல்லது நழுவிக்கொண்டு ஓடும். இறங்கிவிட்டு ஆட்டம் தொடரும். நாம் தலையிட வேண்டியதே இல்லை. ஒன்று நழுவப் பார்த்தும் மற்றது விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் மட்டும் பிரித்துவிட வேண்டும், அங்கே சண்டை மூளும்.

மூன்றாவது காரணம்: பொங்கி வழிகிற பரபரப்பு

வீட்டு நாய் விருந்தாளியின் காலைப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை.

சேவல் சண்டை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரண்டு சேவல் சிலிர்த்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும். பாயலாமா, பின்வாங்கலாமா என்ற இழுபறியில் திடீரென்று ஒன்று குனிந்து மண்ணைக் கொத்தும். அங்கே தானியம் ஒன்றும் கிடக்காது. இரண்டு உந்துதல் மோதிக்கொள்ளும்போது சம்பந்தமே இல்லாத மூன்றாவது செயல் ஒன்று வெளியே வருகிறது. நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி இத்தகைய இடம் மாறிய செயல்களைப் பற்றி 1940இலேயே எழுதினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பரீட்சைக்கூடத்தில் நகம் கடிப்பதும், இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும்போது தலையைச் சொறிவதும் நம் கணக்கில் இதே ரகம்.

நாயின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். கதவு தட்டப்படுகிறது. புது ஆள், புது வாசனை. வீட்டில் எல்லோரும் எழுந்து சத்தமாகப் பேசுகிறார்கள். அதற்குப் போய் மோப்பம் பிடிக்கவும் ஆசை, குரைக்கவும் தோன்றுகிறது, அதட்டுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. உள்ளே ஏறிய பரபரப்பு எங்கேயாவது வழிய வேண்டும். சில நாய் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். சில நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். சில நாய் காலைக் கட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆண் நாயின் உறுப்பு வெளியே தெரிவதால் மட்டும் அதைக் காமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெறும் பரபரப்பிலும் அப்படி ஆகும்.

பயத்திலும் இதே கதைதான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, உயரமான திண்ணை ஒன்றில் ஐந்தாறு நாய்கள் ஒண்டிக்கொண்டன. சாதாரணமாக ஒன்றை ஒன்று எல்லைக்குள் விடாத நாய்கள். அதில் வயதான பெட்டை ஒன்று, பக்கத்தில் இருந்த குட்டி மேல் ஏறும், இறங்கும், நடுங்கிக்கொண்டு படுக்கும், மறுபடி எழுந்து ஏறும். இனச்சேர்க்கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போக்கிடம் இல்லாத பதற்றம், அவ்வளவுதான்.

"நான்தான் பெரியவன்" என்கிற கதை

இது எங்கிருந்து வந்தது? 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அடைபட்ட ஓநாய்கள் ஓயாமல் ஒன்றை ஒன்று அடக்கப் பார்த்தன. அதிலிருந்து கூட்டத்துக்கு ஒரு "தலைவன்" உண்டு, மற்றவை அவனுக்குப் பணியும் என்ற எண்ணம் பரவியது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு நாய்ப் பயிற்சியாளர்கள் ஓநாயிலிருந்து நாய்க்குத் தாவி, "நாய் காலில் ஏறினால் அது உங்களை அடக்கப் பார்க்கிறது" என்று சொல்லிவிட்டார்கள்.

அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் கிட்டே இருந்து பார்த்துவிட்டு, 1999இல் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, அவர்களுடைய பிள்ளைகள். தலைவன் பதவிக்கு அங்கே அடிதடி இல்லை. பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் பல வருடம் கேட்டுக்கொண்டார்.

நாய்களுக்குள் மேல், கீழ் என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அறிமுகமில்லாத இரண்டு நாய் சந்திக்கும்போது ஒன்று ஏறிப் பார்ப்பது உரசலின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால் தலையணை மேல் ஏறுகிற நாய் தலையணையை அடக்கியாளப் பார்க்கிறதா? ஆறு வாரக் குட்டி யாரை ஆளப்போகிறது? இந்த விளக்கத்தை நம்புவதில் உள்ள ஆபத்து, அது அடிப்பதற்கு ஒரு நியாயம் கொடுத்துவிடுகிறது. பதற்றத்தில் ஏறிய நாயை அடித்தால் பதற்றம் கூடும். கூடினால் இன்னும் ஏறும். இல்லையென்றால் ஒருநாள் கடிக்கும்.

ஆபரேஷன் செய்தால் நிற்குமா?

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். 1997இல் அமெரிக்காவில் நீல்சன், எக்ஸ்டைன், ஹார்ட் என்ற மூவர் 57 ஆண் நாய்களுக்குக் காயடித்த பிறகு என்ன மாறியது என்று பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறுவது, கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது, வீட்டை விட்டு ஊர்சுற்றப் போவது ஆகிய மூன்றிலும் 60 சதவீதம் நாய்களுக்குமேல் பாதியளவாவது குறைந்தது. ஏறக்குறைய முழுசாக, அதாவது 90 சதவீதம் குறைந்தது 25 முதல் 40 சதவீத நாய்களில்தான். மீதி நாய்களில் பெரிய மாற்றம் இல்லை.

மேலே சொன்ன காரணங்களோடு சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கு புரிந்துவிடும். ஆபரேஷன் ஹார்மோனைக் குறைக்கும். ஹார்மோனால் வந்த ஏறுதல் குறையும். விளையாட்டாலும் பரபரப்பாலும் வந்தது அப்படியே இருக்கும். ஃபிராங்க் பீச் என்ற ஆய்வாளர் 1970லேயே, விரை நீக்கிய பிறகும் சில ஆண் நாய்கள் நீண்ட காலம் ஏறுவதை விடவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

அதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்று இல்லை. வேண்டாத குட்டிகள் பெருகாமல் இருக்க, விரைப் புற்று வராமல் இருக்க, ஊர்சுற்றி வண்டியில் அடிபடாமல் இருக்க அது நல்லது. பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும். தெரு நாய்களுக்கு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்து, 2023இல் புதிதாக எழுதப்பட்டன. பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் அதன் அடிப்படை. காதில் சின்ன வெட்டு இருக்கும் தெரு நாயைப் பார்த்தால் அது ஆபரேஷன் ஆன நாய் என்று அடையாளம்.

கொள்ளிடக் கரையில் கொண்டுபோய் விடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள். தட்டில் சோறு தின்று வளர்ந்த நாயை இன்னொரு நாய்க்கூட்டத்தின் எல்லையில் இறக்கிவிட்டால், அன்று ராத்திரியே மற்ற நாய்கள் குதறிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதால் நாம் அதைக் கொலை என்று சொல்வதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

அக்காவிடம் நான் சொன்னது ஒரு நோட்டுப் போடச் சொல்லித்தான். இரண்டு வாரம், மணி ஏறும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுத வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது? யார் மேல் ஏறியது? அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்?

நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஆள் வந்த முதல் பத்து நிமிடத்திலும், பிள்ளைகள் ஓடிப்பிடித்துக் கத்தி விளையாடும்போதும்தான் ஏறியிருக்கிறது. மாமியாரோடு தனியாக இருக்கும் மத்தியானத்தில் ஒருமுறைகூட இல்லை. ஏறியபோதெல்லாம் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள், இல்லை பெரியவர்கள் கத்தியிருக்கிறார்கள். நாய்க்கு இரண்டுமே கவனிப்புதான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்றால் மறுபடி செய்யத்தானே தோன்றும்?

அதன்பின் செய்ததெல்லாம் எளிய காரியங்கள்.

யாராவது வருவதாகத் தெரிந்தால் முன்கூட்டியே மணியை வாய்க்கால் ஓரமாக நன்றாக நடக்க வைத்துவிடுவது. ஆள் வந்ததும் கொல்லையில் கட்டிவிட்டு, பேச்சுச் சத்தம் அடங்கிய பிறகு அவிழ்ப்பது. பழைய துணியை முறுக்கிக் கட்டிய பந்து ஒன்றை வாயில் கவ்வக் கொடுப்பது. "உட்காரு" என்றால் உட்காரப் பழக்கி, உட்கார்ந்தால் மட்டும் வந்தவர் கையால் பிஸ்கட் கொடுப்பது. உட்கார்ந்திருக்கும் நாயால் ஏற முடியாது, அவ்வளவு எளிது. மீறி ஏறினால் சத்தம் போடாமல், சிரிக்காமல், கழுத்துப்பட்டையைப் பிடித்து இறக்கி ஒரு நிமிடம் அடுத்த அறையில் விடுவது. பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது பிடித்தால், ஓடாமல் கத்தாமல் மரம் மாதிரி நின்று பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லியிருந்தது.

இரண்டு மாதத்தில் நன்றாகவே குறைந்தது. பிஸ்கட் டப்பாவை வாசல் பக்கத்து அலமாரிக்கு மாற்றியது அக்காவின் மாமியார்தான்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

இதுவரை இல்லாத நாய் திடீரென்று ஏற ஆரம்பித்தாலோ, நாள் முழுக்க விடாமல் செய்தாலோ, அது பழக்கமா நோயா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி அந்த இடத்தை நக்குவது, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவது, முக்குவது, ரத்தம் வருவது எல்லாம் சிறுநீர்ப்பாதைத் தொற்றின் அல்லது விரை, புராஸ்டேட் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். தொடை இடுக்கில் தோல் அரிப்பு இருந்தாலும் நாய் எதன் மேலாவது தேய்க்கப் பார்க்கும். உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் வீங்கி நின்றால் அன்றைக்கே போயாக வேண்டும், தாமதித்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். தெருவில் சுற்றி வரும் நாய்க்கு அந்த இடத்தில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் கசிந்தால், இனச்சேர்க்கை வழியாகப் பரவும் ஒரு வகைக் கட்டியாக இருக்கலாம். நம் நாட்டுத் தெரு நாய்களில் இது சகஜம், ஊசி மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

மனிதர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. காலைக் கட்டிப் பிடிக்கும்போது நகம் பட்டுத் தோல் கிழிந்தால், பல் பட்டால், "நம்ம நாய்தானே" என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். நாயின் குணமே சட்டென்று மாறி, எச்சில் ஒழுக, எதைக் கண்டாலும் கடிக்கப் பாய்ந்தால் கிட்டே போகவே கூடாது.

நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கால்நடை மருந்தகம் இருக்கிறது. பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது மருத்துவரிடம் "இது அசிங்கமா நடந்துக்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நாய் ஏறும்போது போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் அந்த நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாட்டுக்காரர் சினை ஊசி போடுபவரிடம் பேசுவதுபோல, எந்தக் கூச்சமும் இல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும்.